ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கம் இழுக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் முதல் சில நாட்களிலேயே கண்டுகொள்ளும் குறைகளில் இது ஒன்று: சீரான வேகத்தில் வண்டி நேராகப் போகிறது, ஆக்சிலரேட்டரை அழுத்தியவுடன் ஒரு பக்கமாக இழுக்கிறது. இதற்கான காரணத்தைத் தேடும் முறையை ஒரு குறிப்பிட்ட வண்டியை வைத்து விளக்குவதே தெளிவாக இருக்கும் என்பதால், பிரிட்டனில் இன்றும் ஏராளமாகக் கைமாறும் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. 1989 முதல் 1997 வரை தயாரான இந்த வண்டி, ஜப்பானிலிருந்து யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரிலும் அங்கே இறக்குமதியானது. எஞ்சின் முன்னே, இழுவை பின்சக்கரங்களில், நான்கு சக்கரங்களுக்கும் மேலும் கீழுமாக, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கவட்டை வடிவ விஷ்போன் ஆர்ம்கள் என்ற அமைப்பு. எதையும் மறைக்காத எளிய அமைப்பு என்பதால் பாடம் படிக்க ஏற்றது. மற்ற வண்டிகளுக்குப் பொருந்தாத இடங்கள் தனியே சொல்லப்பட்டுள்ளன.

வீல் அலைன்மென்ட் செய்துவிட்டால் சரியாகிவிடாதா?

பெரும்பாலும் ஆகாது. அலைன்மென்ட் என்பது வண்டி அசையாமல் நிற்கும்போது சக்கரங்கள் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்பதை அளந்து திருத்தும் வேலை. அந்தக் கோணத்தில் பிழை இருந்தால் அதன் விளைவு ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரியும். ஸ்டியரிங் வீல் சற்றுக் கோணலாக நிற்கும், வண்டி எப்போதும் ஒரு பக்கம் சாயும். மிதிக்கும்போது மட்டும் இழுப்பு வருகிறது என்றால், மிதிக்கும்போது மட்டும் ஏதோ ஒன்று இடம் மாறுகிறது, அல்லது இரண்டு பின்சக்கரங்களுக்கும் போகும் விசை சமமாக இல்லை என்று பொருள். நின்ற வண்டியை அளக்கும் இயந்திரத்தின் கண்ணில் இவை இரண்டுமே படுவதில்லை.

ஆகவே அலைன்மென்ட் கடைசி வேலை. தேய்ந்த புஷ்ஷை, அதாவது சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறையை, அப்படியே வைத்துக்கொண்டு கோணத்தைத் திருத்துவது வீண் செலவு என்பதோடு, பிழையை மறைத்தும் விடுகிறது. அளவுத்தாளில் எல்லா எண்களும் சரியென்று பச்சை நிறத்தில் இருப்பதைக் காட்டி வண்டியை விற்றுவிடுபவர்கள் உண்டு.

சோதனை ஓட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மிதிக்கும்போது வண்டி எந்தப் பக்கம் போகிறது என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள். காலை எடுத்தவுடன் எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. நோயறிதலின் பாதி அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

வாகன நடமாட்டம் இல்லாத, அகலமான, சமதளமான சாலையில் மூன்றாவது கியரில் மணிக்கு 30 மைல் வேகத்திலிருந்து 50 மைல் வரை அழுத்தி முடுக்குங்கள். பிறகு கிளட்சைத் தொடாமல், பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதுமாக எடுத்து எஞ்சினே வேகத்தைக் குறைக்கும்படி விடுங்கள். ஸ்டியரிங்கைக் கையிலிருந்து விட்டுவிட வேண்டாம். விரல்களால் தளர்வாகப் பிடித்திருந்தாலே இழுப்பின் திசை தெரிந்துவிடும். மூன்றாவதாக, அதே சாலையில் கியரை நியூட்ரலுக்கு மாற்றிச் சிறிது தூரம் தானாக உருளவிட்டுப் பாருங்கள்.

மிதித்தால் இடப்பக்கம், விட்டால் வலப்பக்கம் என்று திசை மாறினால், பின் சஸ்பென்ஷனில் ஏதோ ஒன்று தளர்ந்து முன்னும் பின்னும் நகர்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். மிதித்தால் இடப்பக்கம் இழுத்து, விட்டால் இழுப்பு குறைந்தோ மறைந்தோ போய், ஆனால் எதிர்ப்பக்கம் திரும்பாமல் இருந்தால், லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் (எஞ்சின் விசையை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் ஒரு வகை; விளக்கம் கீழே) சமமற்ற டயர்களும் சேர்ந்து செய்யும் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். மிதித்தாலும் விட்டாலும் நியூட்ரலில் உருண்டாலும் ஒரே பக்கமாக ஒரே அளவில் இழுத்தால், அது முடுக்கத்தோடு தொடர்புடைய குறையே அல்ல; டயர், பிரேக், கோணம், சாலைச் சரிவு ஆகிய நான்கில் ஒன்று.

சாலையே காரணமாக இருக்கலாமா?

இருக்கலாம். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடு உயர்ந்தும் ஓரம் தாழ்ந்தும் போடப்படுகிறது. இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில், அதாவது பிரிட்டனிலும் இந்தியாவிலும் இலங்கையிலும், எந்த நல்ல வண்டியும் மெல்ல இடப்பக்கமாகவே ஒதுங்கும். ஒருவழிச் சாலையின் வலதுகோடித் தடத்திலோ, காலியாக இருக்கும் பெரிய வாகன நிறுத்தத்திலோ மறுபடி சோதித்துவிட்டால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். அகலமான டயர் போட்ட வண்டிகள் கனரக வாகனங்கள் பதித்த தடங்களைப் பிடித்துக்கொண்டு அலைவதும் உண்டு. அந்த அலைச்சலுக்கு நிலையான திசை இருக்காது.

முதலில் டயரைப் பார்க்கச் சொல்வது ஏன்?

செலவே இல்லாத சோதனை என்பதால்தான். குளிர்ந்த நிலையில் நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும் அளந்து சமமாக்குங்கள். இந்த மாடலுக்கு மாஸ்டா சொன்ன அளவு நான்கிலும் 26 பிஎஸ்ஐ. அடுத்து, பின்பக்க டயர்கள் இரண்டும் ஒரே நிறுவனம், ஒரே வகை, ஒரே தேய்மானம் என்று இருக்கின்றனவா எனப் பாருங்கள். பழைய வண்டிகளில் பஞ்சரான ஒரு டயரை மட்டும் மாற்றி, மறுபக்கம் பழையதையே விட்டுவைத்திருப்பது மிகச் சாதாரணம்.

அந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றும். கணக்குப் போட்டால் சிறியதல்ல. இந்த வண்டியின் 185/60 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 578 மில்லிமீட்டர். ஒரு பக்கம் 8 மில்லிமீட்டர் பள்ள ஆழமுள்ள புதிய டயர், மறுபக்கம் 3 மில்லிமீட்டர் வரை தேய்ந்த டயர் என்றால், விட்டத்தில் 10 மில்லிமீட்டரும் சுற்றளவில் 31 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவும் வேறுபாடு வருகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சக்கரம் மற்றதைவிட அவ்வளவு கூடுதலாக ஓட முயல்கிறது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப்பை ஒவ்வொரு பின்டயரின் நடுவிலும் சுற்றி அளந்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம். ஆழமானி கூடத் தேவையில்லை.

டயரின் உள்கட்டுமானத்தில் பிழை இருந்தாலும் இழுப்பு வரும். முன்டயர்கள் இரண்டையும் இடம்மாற்றிப் போட்டபின் இழுப்பின் திசையும் மாறினால் குற்றவாளி டயர்தான். ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயர்களை இப்படி மாற்றிச் சிறிது தூரம் மட்டும் ஓட்டிப் பார்த்து, உடனே திரும்பப் போட்டுவிட வேண்டும்.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருந்தால் என்ன வேறுபாடு?

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பின்சக்கரங்களுக்கும் ஏறத்தாழ சமமான முறுக்குவிசையையே தரும். ஆகவே டயர் விட்டத்தில் சிறிய வேறுபாடு இருந்தாலும் அது பொறுத்துக்கொள்கிறது. லிமிடெட் ஸ்லிப் வகை அப்படியல்ல. வேகமாகச் சுழலும் சக்கரத்திலிருந்து மெதுவாகச் சுழலும் சக்கரத்துக்கு விசையை மாற்றிக் கொடுப்பதுதான் அதன் வேலை. நேர்ச்சாலையில் ஒரே தூரத்தைக் கடக்கச் சிறிய டயர் வேகமாகவும் பெரிய டயர் மெதுவாகவும் சுழல்வதால், பெரிய டயருக்கு எப்போதும் கூடுதல் விசை போய்ச் சேர்கிறது. இரட்டை மாட்டு வண்டியில் வலத்து மாடு மட்டும் விசையாக இழுத்தால் வண்டி இடப்பக்கம் திரும்புவதைப் போல, வலப்பக்கம் பெரிய டயர் இருந்தால் கார் இடப்பக்கம், அதாவது தேய்ந்த டயரின் பக்கம், இழுக்கும்.

1.6 லிட்டர் எஞ்சின் கொண்ட எம்எக்ஸ்-5 வண்டிகளில் சிலவற்றுக்குக் கெட்டியான திரவத்தால் இயங்கும் விஸ்கஸ் வகையும், பின்னர் வந்த 1.8 லிட்டர் வண்டிகளில் சிலவற்றுக்குப் பற்சக்கரங்களால் இயங்கும் டோர்சன் வகையும் வந்தன. டோர்சன், தன் வழியே போகும் முறுக்குவிசையின் அளவைப் பொறுத்தே இறுகும். அதனால்தான் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாமல், அழுத்தி மிதிக்கும்போது மட்டும் இழுப்பு வெளிப்படுகிறது. பின்சக்கரங்களை உயர்த்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஒன்றைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை இங்கே ஏமாற்றும். சுமை இல்லாதபோது டோர்சனும் சாதாரண டிஃபரன்ஷியலைப் போலவே நடந்துகொள்ளும்.

பின்டயர்களை ஜோடியாக மாற்றுவதே இதற்கு மருந்து. டிஃபரன்ஷியலைப் பிரிக்கும் வேலைக்கு யாரேனும் விலை சொன்னால், டயர் மாற்றிப் பார்க்கும்வரை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படித் தெரியும்?

இந்த மாடலில் ஹேண்ட் பிரேக்கின் இயக்கமும், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பின்காலிபருக்குள்ளேயே இருக்கிறது; அந்த நெம்புகோல் துருவேறி இறுகிக்கொள்வது பழக்கமான குறை. பத்து நிமிடம் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு நிறுத்தி, இரண்டு பின்சக்கரங்களின் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். இன்ஃப்ராரெட் வெப்பமானி இருந்தால் நல்லது; இல்லையென்றால் டிஸ்க்கின் மீது சில துளி நீர் தெளித்துப் பார்த்தாலே போதும். ஒரு பக்கம் சீறி ஆவியாகி மறுபக்கம் ஈரமாகவே நின்றால் பிரேக் பிடித்திருக்கிறது. இந்த இழுப்பு நியூட்ரலில் உருளும்போதும் மறையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவற்றோடு குழப்பிக்கொள்ள மாட்டோம்.

புஷ் தேய்ந்தால் கார் எப்படித் திரும்புகிறது?

சாலையின் பிடியிலிருந்து வரும் உந்துவிசை, டயர் வழியாகச் சக்கரத்தைத் தாங்கும் ஹப்புக்கும், அங்கிருந்து விஷ்போன் ஆர்ம்களுக்கும், அவற்றின் ஓரங்களில் இருக்கும் ரப்பர் புஷ்கள் வழியாக, வண்டியின் அடியில் பொருத்தப்பட்ட சட்டமான சப்ஃபிரேமுக்கும் வருகிறது. வண்டி முழுவதையும் முன்னால் தள்ளுவது அந்த ரப்பர்கள்தான். மிதிக்கும்போது சக்கரம் உடலைவிடச் சற்று முன்னே போக முயல்கிறது. காலை எடுத்தால் பின்னே இழுபடுகிறது. ரப்பர் நல்ல நிலையில் இருந்தால் இந்த அசைவு சிறியதாகவும் இரு பக்கமும் சமமாகவும் இருக்கும். ஒரு பக்கத்துப் புஷ் மட்டும் கிழிந்திருந்தால் அந்தச் சக்கரம் மட்டும் அதிகமாக நகர்ந்து, நகரும்போதே உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பிவிடுகிறது.

வலது பின்சக்கரம் உள்நோக்கித் திரும்பினால் அது வண்டியின் பின்பகுதியை இடப்பக்கம் தள்ளும். பின்பகுதி இடப்பக்கம் போனால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். அதே சக்கரம் வெளிநோக்கித் திரும்பினால் மூக்கு இடப்பக்கம் போகும். ஓட்டுநருக்கு இது முன்சக்கரங்களிலிருந்து வரும் இழுப்பைப் போலத் தோன்றாது. இருக்கைக்குப் பின்னாலிருந்து யாரோ வண்டியைத் திருப்புவதைப் போலத் தோன்றும். அந்த உணர்வைச் சொல்லத் தெரிந்த வாடிக்கையாளர் மெக்கானிக்கின் நேரத்தில் பாதியை மிச்சப்படுத்திவிடுகிறார்.

சோதிக்கும் முறை எளிது; இருவர் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இறுக்கமாகப் போடுங்கள். இந்த வண்டியில் அது பின்சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும். கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு ஒருவர் வண்டியின் உடலை முன்னும் பின்னுமாகத் தள்ளி ஆட்ட வேண்டும். மற்றவர் பின்சக்கரத்தின் அருகே குனிந்து, சக்கரத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் உள்ள இடைவெளியையும், லோயர் ஆர்ம் சப்ஃபிரேமைச் சந்திக்கும் இடத்தையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உடலைப் பின்னே தள்ளும்போது ஆர்ம்களுக்கு நேர்வது முடுக்கத்தின்போது நேர்வதேதான். இடப்பக்கமும் வலப்பக்கமும் அசைவு ஒரே அளவாக இல்லையென்றால், தேடியது கிடைத்துவிட்டது. ஒரு கிழிந்த புஷ்ஷில் உள்ளிருக்கும் இரும்புக்குழல் நடுவில் நிற்காமல் ஓரமாக ஒதுங்கியிருப்பதும், ஆட்டும்போது ரப்பருக்கும் குழலுக்கும் இடையே கறுத்த பிளவு வாய்திறந்து மூடுவதும் கண்ணுக்கே தெரியும்.

இதில் ஐயம் தீரவில்லை என்றால் வண்டியை ராம்பில் ஏற்றி, நீண்ட கடப்பாரையை ஆர்முக்கும் சப்ஃபிரேமுக்கும் இடையே வைத்து மெல்ல நெம்பிப் பார்க்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

புதிய புஷ் போட்டபின் அதன் போல்ட்டை எப்போது இறுக்க வேண்டும் என்பதில் பலர் தவறுகிறார்கள். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டு விரைவில் கிழியும். சக்கரங்களின்மேல் வண்டியின் எடை நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கத்தைக் கொடுக்க வேண்டும்.

அலைன்மென்ட் கடையில் “பின்சக்கரத்தை அட்ஜஸ்ட் செய்ய முடியவில்லை” என்று சொல்லிவிட்டார்கள். ஏன்?

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வண்டியில் லோயர் ஆர்ம்களைச் சப்ஃபிரேமோடு சேர்ப்பவை கேம் போல்ட்கள். மையம் விலகிய வட்டத்தகடு கொண்ட இந்தப் போல்ட்டைத் திருப்பினால் ஆர்ம் உள்ளேயோ வெளியேயோ நகரும், சக்கரக் கோணம் மாறும். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புநீர் புகுந்து, போல்ட்டும் புஷ்ஷின் உட்குழலும் துருவால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அதன்பின் ஸ்பானர் போட்டால் போல்ட் திரும்பாது. அல்லது ரப்பரையும் சேர்த்து முறுக்கிக்கொண்டு திரும்பி, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

தீர்வு அழகானதல்ல: இருபுறமும் அறுத்து எடுத்துவிட்டு, புதிய கேம் போல்ட்டும் புதிய புஷ்ஷும் போட வேண்டும். அறுப்பதற்கு முன் தகட்டிலுள்ள குறிகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று பெயின்ட்டால் சப்ஃபிரேமில் அடையாளம் வைத்துவிட்டால், கடைவரை ஓட்டிப்போகும் அளவுக்கேனும் வண்டி நேராக இருக்கும். வாங்கும் முன்பே விற்பவரிடம் “கேம் போல்ட் திரும்புகிறதா?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் இந்தச் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசலாம்.

இறுக்கப்படாத கேம் போல்ட் இதற்கு நேர்மாறான குறை. யாரோ அலைன்மென்ட் செய்துவிட்டு நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால், ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் தகடு சிறிது சிறிதாக நழுவும். தகட்டின் ஓரத்தில் துரு இல்லாத, பளபளவெனத் தேய்ந்த கோடு தெரிந்தால் அது நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

முன்பக்கம் காரணமாக இருக்கவே முடியாதா?

முடியும், ஆனால் அரிது. முடுக்கும்போது எடை பின்னே போவதால் வண்டியின் மூக்கு சற்று உயர்கிறது. மூக்கு உயரும்போது முன்சக்கரங்களின் திசையும் இம்மியளவு மாறும். இரு பக்கமும் சமமாக மாறினால் ஒன்றுக்கொன்று ஈடாகிவிடும். ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராட் ஒரு பக்கம் வளைந்திருந்தாலோ, அந்த ராடுகளை நகர்த்தும் ஸ்டியரிங் ராக் தன் பிடிப்பில் தளர்ந்திருந்தாலோ, ஸ்பிரிங்கின் உயரத்தை இரு பக்கமும் வேறுவேறாக வைத்து வண்டியைத் தாழ்த்தியிருந்தாலோ அந்த ஈடு கெடுகிறது. வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கைப் பூட்டி, இருவர் மூக்கை மேலே தூக்கிக் கீழே அழுத்தும்போது இரு முன்சக்கரங்களும் ஒரே மாதிரி அசைகின்றனவா என்று முன்னாலிருந்து பார்த்தால் தெரிந்துவிடும். மலிவான சஸ்பென்ஷன் மாற்றங்கள் செய்த வண்டிகளில் இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

மழையில் மட்டும் இழுக்கிறது. அதுவும் குறையா?

பெரும்பாலும் இல்லை. சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில், ஈரமான சாலையோரத்தில் ஒரு பின்சக்கரம் வழுக்கினால் பின்பகுதி ஒரு பக்கம் நகர்வது இயல்பு. பழைய, இறுகிப்போன டயர்கள் இதை மோசமாக்கும். காய்ந்த சாலையிலும் அதே இழுப்பு இருந்தால்தான் சஸ்பென்ஷனைத் தேட வேண்டும். 1.6 லிட்டர் எஞ்சினின் திறன் சுமார் 115 குதிரைத்திறன் மட்டுமே. காய்ந்த சாலையில் மூன்றாவது கியரில் இந்த வண்டி இழுக்கிறது என்றால் “ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான்” என்ற சமாதானம் செல்லாது.

விபத்தில் அடிபட்ட வண்டி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். இந்த மாடலுக்கு அந்த நீளம் 2265 மில்லிமீட்டர். ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடு டேப்பின் பிழையாக இருக்கலாம். ஒரு பக்கம் தெளிவாகக் குறைந்திருந்தால் ஆர்ம் வளைந்திருக்கலாம், சப்ஃபிரேம் நகர்ந்திருக்கலாம், உடலே வளைந்திருக்கலாம். முதல் இரண்டும் பணத்தால் தீரும். மூன்றாவது என்றால், இந்த விலைக்கு வேறு எம்எக்ஸ்-5 கிடைக்கும் என்பதால், வண்டியை விட்டுவிட்டு வருவதே என் கருத்து.

துருவும் இதே விளைவைத் தரும். இந்த வண்டிகளில் கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்ற தகட்டுப் பகுதியின், பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கடைசி முனை அரிப்பது அனைவரும் அறிந்தது. அடுத்த தலைமுறையில் முன்புறச் சேசிஸ் ரயில்கள், அதாவது அடிச்சட்டத்தின் நீளவாட்டு உத்தரங்கள், அரிக்கின்றன. சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் உலோகமே மெலிந்துவிட்டால் எந்தப் புஷ்ஷும் அதைக் காப்பாற்றாது.

பிஎம்டபிள்யூ ஈ46 (3 சீரிஸின் ஒரு தலைமுறை) வைத்திருக்கிறேன். எனக்கும் இதே சோதனைகளா?

ஓட்டிப் பார்க்கும் சோதனை அதேதான். பார்க்க வேண்டிய இடம் வேறு. அதிவேக வகையான எம்3 உட்பட அந்தத் தலைமுறை வண்டிகளில் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் பிடித்துவைப்பது, சக்கரத்திலிருந்து முன்னோக்கி நீளும் டிரெய்லிங் ஆர்மின் முன்முனையில் இருக்கும் பெரிய புஷ். அது தளர்ந்தால் மிதிக்கும்போது ஒரு பக்கம், விடும்போது எதிர்ப்பக்கம் என்ற அடையாளம் பாடப்புத்தகத்தில் உள்ளபடி வரும். பின்டயர்களின் உள்விளிம்பு தேய்வதும் கூடவே காணப்படும்.

இந்த வண்டியில் இன்னொரு பெரிய கவலை உண்டு. பின் சப்ஃபிரேம் பொருத்தப்பட்டிருக்கும் தரைத்தகட்டில் விரிசல் விழுவது ஈ46 வண்டிகளின் பெயர்பெற்ற குறை. இழுப்போடு சேர்ந்து, கியர் போட்டு நகர்த்தும்போது பின்னாலிருந்து ‘டொக்’ என்ற உலோக ஓசையும் வந்தால், புஷ்ஷுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் சப்ஃபிரேமின் நான்கு பிடிப்பிடங்களையும் ராம்பில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

முன்சக்கர இழுவை உள்ள வண்டிகளில் இழுப்பது இயல்புதானே?

ஓரளவு இயல்பு. அவற்றில் திரும்பும் சக்கரங்களே தள்ளும் சக்கரங்களாகவும் இருக்கின்றன. கியர்பாக்ஸ் நடுவில் இல்லாததால் டிரைவ் ஷாஃப்டுகள் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் அமைந்து, மூட்டுகளின் கோணங்கள் வேறுபட்டு, மிதிக்கும்போது இரு பக்கமும் ஸ்டியரிங்கைத் திருப்பும் விசை சமமாக வருவதில்லை. இதையே டார்க் ஸ்டியர் என்கிறோம். 2002-இல் வந்த முதல் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ், குவைஃப் நிறுவனத்தின் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலோடு இந்த இழுப்புக்காகவே பேசப்பட்டது. 2009-இல் வந்த இரண்டாவது ஆர்எஸ்ஸில் சுமார் 300 குதிரைத்திறனை முன்சக்கரங்களுக்கே அனுப்பியபோது, ரெவோநக்கிள் என்ற தனி முன்சஸ்பென்ஷனை ஃபோர்டு பொருத்தியதும் இதைக் கட்டுப்படுத்தத்தான்.

ஆனால் “இயல்பு” என்பதற்கும் எல்லை உண்டு. முன்பு இல்லாத இழுப்பு இப்போது வந்திருந்தால், அல்லது அதே மாடலின் மற்றொரு வண்டியைவிட அதிகமாக இருந்தால், மூன்றைப் பாருங்கள்: எஞ்சின் மவுன்ட் தளர்ந்து எஞ்சின் சாய்ந்து ஷாஃப்ட் கோணம் மாறியிருக்கலாம், முன் லோயர் ஆர்மின் பின்புஷ் கிழிந்திருக்கலாம், முன்டயர்கள் சமமின்றித் தேய்ந்திருக்கலாம்.

பாலியூரித்தேன் புஷ் போடலாமா?

ரேஸ் டிராக்கில் ஓட்டுபவர்களுக்கு அது பொருந்தும். அன்றாடம் ஓட்டுபவருக்கு ரப்பரே போதும் என்பது என் கருத்து. பாலியூரித்தேன் குறைவாக நெளியும், ஆகவே இழுப்பு நன்றாகக் கட்டுப்படும்; ஆனால் அவ்வப்போது கிரீஸ் வைக்காவிட்டால் கிறீச்சிடும், சாலையின் அதிர்வை உள்ளே கொண்டுவரும். எதைப் போட்டாலும் இரு பக்கமும் ஒரே வகையைப் போடுங்கள். ஒரு பக்கம் புதிய கடினப் புஷ், மறுபக்கம் பழைய ரப்பர் என்று விட்டால், முன்பு இருந்த குறையை நாமே கடையில் வாங்கிப் போட்டதாகும்.

வாங்குவதற்கு முன் ஆவணங்களிலிருந்து ஏதாவது தெரியுமா?

பிரிட்டனில் நிச்சயம் தெரியும். ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி சோதனையின் பழைய முடிவுகளை, வண்டியின் பதிவெண்ணை வைத்து அரசு இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வண்டி தேறிய ஆண்டுகளிலும் சோதகர் எழுதிய எச்சரிக்கைக் குறிப்புகள் அதில் இருக்கும். “பின் சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ் தேய்ந்துள்ளது” என்று ஓராண்டு எழுதப்பட்டு, அடுத்த ஆண்டுகளில் அது மறைந்திருந்தால் மாற்றியிருக்கிறார்கள். அதற்கான ரசீதைக் கேளுங்கள். ஒரே குறிப்பு ஆண்டுக்கு ஆண்டு திரும்ப வந்திருந்தால் யாரும் தொடவில்லை. பிரேக் இருபக்கமும் சமமாகப் பிடிக்கவில்லை என்ற குறிப்பும் பயனுள்ளது. ஆனால் எம்ஓடி சக்கரக் கோணங்களை அளக்கும் சோதனை அல்ல; அதில் தேறியதால் வண்டி நேராக ஓடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எல்லாம் மாற்றியாயிற்று. இப்போது அலைன்மென்ட் கடையில் என்ன சொல்ல வேண்டும்?

நான்கு சக்கர அலைன்மென்ட் வேண்டும், பின்சக்கரங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள். பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து எந்தத் திசையை நோக்குகின்றனவோ அதுவே வண்டி போக விரும்பும் திசை. ட்ரஸ்ட் ஆங்கிள் என்று அளவுத்தாளில் வருவது அதுதான். அதைச் சுழியத்துக்கு அருகில் கொண்டுவந்தபின்பே முன்சக்கரங்களைத் தொட வேண்டும். முன்சக்கரங்களை மட்டும் திருத்தும் மலிவான சேவை இந்த வண்டிக்குப் பயன்படாது. பின் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது பின்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, இரு பக்கமும் சமமாக, சற்றே உள்நோக்கி இருக்கட்டும். மொத்த அளவு சரியாக இருந்து, அதில் பெரும்பகுதி ஒரே பக்கத்தில் இருந்தால் ஏற்க வேண்டாம்.

ஒரு டன்னுக்கும் குறைந்த எடையுள்ள, இருவர் மட்டும் அமரும் வண்டியில் ஓட்டுநரின் எடை ஒரு பக்க ஸ்பிரிங்குகளை அழுத்துவது அளவில் தெரியும். ஆகவே அளக்கும்போது ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்கவோ, அவருடைய எடைக்கு ஈடான மூட்டைகளை வைக்கவோ கடைக்காரர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். பெட்ரோல் டேங்க் பாதியளவு நிரம்பியிருக்கட்டும். டிக்கியில் கிடக்கும் கருவிப்பெட்டியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வேலை முடிந்ததும் முதல் அளவுத்தாள், கடைசி அளவுத்தாள் இரண்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, முன்பு சோதித்த அதே சாலையில் மூன்றாவது கியரில் மிதித்தும் விட்டும் பாருங்கள். மறுபடி இழுத்தால் அடுத்த மெக்கானிக் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டு தாள்களைத்தான்.